எலிப் பெட்டியில் டக்ளஸ்

ஜனவரி மாதத்தில் அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரத்தில் யாரும் சாகக் கூடாது. மண் அப்படி உறைந்து கிடக்கும். மண்வெட்டியால் ஓங்கிக் கொத்தினால் 'ணங்' என்று சத்தம் வரும்; குழி வராது.

இது டக்ளஸுக்குத் தெரியவில்லை. அவன் ஜூனி வளர்த்த வெள்ளை எலி. வயதாகிவிட்டது, மூச்சிரைப்பும் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் தன் பஞ்சுப் படுக்கையில் சுருண்டபடியே இறந்துபோனான்.

ஜூனி அவனை எடுத்துக்கொண்டு நேராக டில்டாவின் வீட்டுக்கு வந்தாள். இருவரும் ஒரே வகுப்பு. ஜூனியின் மூக்கு சிவந்திருந்தது.

"பனி உருகினதும் உங்க தோட்டத்துல புதைக்கலாமா? எங்க மாடி வீட்டுல ஏது மண்ணு" என்று கேட்டாள்.

"தாராளமா. அதுவரைக்கும்?"

"எங்க ஃப்ரீசர்ல வெக்கலாம்னா எங்கம்மா, 'என் பட்டாணிப் பக்கத்துல பொணமா?'ன்னு கத்தறாங்க. உங்க வீட்லதான் எலி ஃப்ரீசர் இருக்கே..."

இருந்தது. டில்டா ஒரு பாம்பு வளர்த்தாள். ஆரஞ்சு நிறம், சாதுவானது, பெயர் பிஸ்கட். அதற்கான உணவு கடையில் உறைந்த எலிகளாகவே கிடைக்கும். அவற்றுக்கென்றே நிலவறையில் ஒரு சின்ன ஃப்ரீசர். வீட்டுச் சாப்பாடு எதுவும் அதற்குள் போகக் கூடாது. எலிகளைக் கையால் தொடக் கூடாது, இடுக்கிதான். எந்தப் பையானாலும் பெயர் எழுதித்தான் வைக்க வேண்டும். எல்லாம் அப்பா போட்ட சட்டம். அவருடைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் டில்டா ஒருமுறை எலிப் பையை ஒளித்து வைத்திருந்தாள். அன்று பிறந்த சட்டம் அது.

ஜூனிக்குப் பாம்பென்றாலே ஆகாது. எலி வளர்ப்பவளுக்கு எப்படி ஆகும்? டில்டா வீட்டுக்கு வந்தால் பிஸ்கட் இருக்கும் அறைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். அப்படிப்பட்டவள் இன்று நிலவறை வரை கூடவே வந்தாள்.

டக்ளஸ் ஒரு ஜிப் பைக்குள் படுத்திருந்தான். அவன் பக்கத்தில் இரண்டு சூரியகாந்தி விதைகள்.

"வழியில பசிக்கும்ல" என்றாள் ஜூனி. "பத்திரமா பாத்துப்பியா?"

"நான் இருக்கேன்ல. கவலப்படாத" என்றாள் டில்டா.

பெயர் எழுதப் பேனா தேடினாள். கிடைத்த பேனா காய்ந்திருந்தது. சரி, மேலே போய் வேறு பேனா எடுத்து வருவோம் என்று நினைத்து, பையை அப்போதைக்கு ஃப்ரீசரில் இருந்த எலிப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினாள். மேலே போனால் கோகோ சூடாக இருந்தது. ஜூனி டக்ளஸைப் பற்றிப் பேசினாள். டில்டா கேட்டுக்கொண்டிருந்தாள். பேனாவை மறந்தாள்.

மறந்தது மறந்ததுதான்.

அடுத்த வாரம் பிஸ்கட்டுக்குச் சாப்பாட்டு நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே ஒரு எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, அப்பா தூண்டில் புழு வைக்கும் குட்டி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அது மெல்ல இளகும். டில்டாவுக்கு அன்று ஹாக்கிப் பயிற்சி. தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. நிலவறை விளக்கு வேறு எரியவில்லை. இருட்டில் பெட்டிக்குள் கைவிட்டு, மேலே இருந்த பையை எடுத்து, குட்டி ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் பையை அப்படியே வெந்நீரில் வைத்தாள். பையெல்லாம் ஆவி படிந்து மங்கலாக இருந்தது. எலி வெதுவெதுப்பானதும் இடுக்கியால் பிடித்து நீட்டினாள். பிஸ்கட் லபக்கென்று கவ்வினான். தலை போனது, உடல் போனது, கடைசியில் வால் நுனியும் போனது.

"சமத்து" என்றாள் டில்டா.

காலிப் பையைக் குப்பையில் போட உதறினாள். இரண்டு சூரியகாந்தி விதைகள் தரையில் விழுந்தன.

டில்டா அவற்றையே பார்த்தாள். பிறகு பிஸ்கட்டைப் பார்த்தாள். அவன் நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா!" என்று அவள் கத்திய கத்தலில் அப்பா பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஒரு பக்கம் நுரையோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது டில்டாவுக்கு.

"ஜூனி அந்த எலிக்கு ஏதாவது மருந்து குடுத்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

"மூச்சிரைப்புக்கு ஏதோ குடுத்தா."

அப்பா உடனே பாம்பு டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். என்ன மருந்து, எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். அது ஜூனிக்குத்தான் தெரியும்.

டில்டா ஜூனியை அழைத்தாள். "டக்ளஸுக்கு என்ன மருந்துடி குடுத்த?"

ஜூனி மருந்தின் பெயரைச் சொன்னாள். தினமும் ஒரு சொட்டாம். "ஆப்பிள் கூழ்ல கலந்து குடுப்பேன். கள்ளன், கூழ மட்டும் நக்கிட்டு மருந்த என் சட்டையில துடைச்சிடுவான்!" என்று சொல்லிச் சிரித்தாள். அவன் இறந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "ஏன் கேக்கற?"

டில்டா, "சும்மாதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த அளவு மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனாலும் கவனியுங்கள் என்றார் டாக்டர். பாம்பைத் தூக்காதீர்கள், கூண்டை வெதுவெதுப்பாக வையுங்கள், கக்கினால் உடனே கொண்டு வாருங்கள் என்றார். டில்டா கூண்டின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பிஸ்கட் கக்கவில்லை. சுகமாகச் சுருண்டு கிடந்தான். அதைப் பார்க்கவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் எஸ்பன் வந்து கதவில் சாய்ந்தான்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? பெட்டியில இன்னும் எத்தன வெள்ளை எலி இருக்கு! ஒண்ண எடுத்து ஒரு பையில போடு. வெத ரெண்டையும் போடு. முடிஞ்சுது. எல்லா வெள்ளை எலியும் ஒண்ணுதான், அவளுக்கு என்ன தெரியப் போகுது?"

டில்டா நிலவறைக்குப் போனாள். ஒரு எலியை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தாள். வெள்ளைதான். அதே அளவுதான். விதைகளையும் பைக்குள் போட்டாள். ஜூனி இந்த எலிக்கு முன்னால் நின்று அழுவாள். ஆப்பிள் கூழ்க் கதையை இதனிடம் சொல்வாள். யாரென்றே தெரியாத எலியிடம்.

டில்டா அதை மறுபடி பெட்டியில் வைத்தாள். கையைக் கழுவிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஜூனி வீட்டு மாடிப்படி ஏறும்போது என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"பிஸ்கட் டக்ளஸைத் தின்னுட்டான். நான்தான் குடுத்தேன். தெரியாம குடுத்துட்டேன். பேர் எழுதல, பாக்காம எடுத்துட்டேன். மருந்து கேட்டது அதுக்குத்தான். சும்மான்னு பொய் சொன்னேன்."

ஜூனி கத்தவில்லை. "பத்திரமா பாத்துக்கறேன்னியே" என்றாள்.

கதவை மூடிவிட்டாள்.

மறுநாள் பேருந்தில் அவள் முன்வரிசைக்குப் போய் வேறொருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. டில்டா மன்னிப்புக் கேட்டு ஓர் அட்டை செய்து கொடுத்தாள். ஜூனி வாங்கிக்கொண்டாள். அப்படியே பைக்குள் வைத்தாள். நிலவறையில் டில்டா புது விளக்குப் போட்டாள், எல்லாப் பைகளிலும் பெரிய எழுத்தில் எழுதினாள். எல்லாம் இப்போது சரியாக இருந்தது. ஒரு வாரம் முந்தி இருந்திருக்க வேண்டும்.

சில நாட்கள் கழித்து, பிஸ்கட்டின் கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு மூலையில் அவன் எச்சம் கிடந்தது. வழக்கமாகக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவாள். இன்று குனிந்து பார்த்தாள். அதில் வெள்ளை முடி இருந்தது.

அவளால் அதைக் குப்பையில் போட முடியவில்லை.

"அப்பா, ஃப்ரீசர்ல ஒண்ணு வெக்கணும்" என்றாள்.

அது என்னவென்று தெரிந்ததும் அப்பா தாடையைச் சொறிந்தார். பிறகு, "கையுறை போட்டுக்கோ. ரெண்டு பை, அதுக்கு மேல டப்பா. எலிங்களோட சேராம தனித் தட்டுல வை" என்றார். "பேரு..."

"எழுதிட்டேன்."

பிப்ரவரி போயிற்று. மார்ச்சும் போயிற்று. ஏரியில் பனிக்கட்டி உடைந்து மிதக்கத் தொடங்கியது. தோட்டத்து லைலாக் புதருக்கடியில் மண் கறுத்து ஈரமானது. டில்டா அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். ஜூனி நின்றிருந்தாள்.

"பனி உருகிடுச்சு" என்றாள். தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதைக்க ஒண்ணும் இல்லன்னு தெரியும். இருந்தாலும் காலையில எழுந்ததும் வரணும்னு தோணிச்சு. அவனோட மிச்சம் ஒண்ணுமே இல்லையா?"

டில்டா தயங்கினாள். "மிச்சம் இல்ல" என்றாள். "எச்சம் இருக்கு."

"என்னது?"

"பிஸ்கட்டோட எச்சம். அதுல டக்ளஸோட முடி இருந்துச்சு. எனக்குக் குப்பையில போட மனசு வரல."

ஜூனி நிமிர்ந்தாள். "பாம்பு கக்காவை எனக்காக இத்தன நாள் ஃப்ரீசர்ல வெச்சிருந்தியா?"

"ம்."

"உங்கப்பா ஒண்ணும் சொல்லல?"

"தனித் தட்டுன்னார்."

ஜூனியின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை போலும், இரண்டும் வந்தன.

டப்பாவைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். மூடியில் 'டக்ளஸ்' என்று எழுதியிருந்ததை ஜூனி வெகுநேரம் பார்த்தாள். ஆளுக்குக் கொஞ்சமாகக் குழி தோண்டினார்கள். இந்தத் தடவை மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது.

பைகளைப் பிரித்து உள்ளே இருந்ததைக் குழியில் போட்டதும் ஜூனி, "டக்ளஸ், நீ நல்ல எலி" என்றாள். சற்று யோசித்தாள். "உன்னத் தின்னவனுக்கு நீ யாருன்னு தெரியாது. அவன் பசியில தின்னுட்டான்."

"தெரிஞ்சிருக்க வேண்டியது எனக்கு" என்றாள் டில்டா.

"ஆமா" என்றாள் ஜூனி. "உனக்குத்தான்."

டில்டா குனிந்து குழியைப் பார்த்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது. கையுறை போட்டிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. ஜூனி தன் சட்டைக் கையால் அவள் மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டாள். கொஞ்சம் வலிக்கும்படியாகவே துடைத்தாள்.

பிறகு இருவரும் மண்டியிட்டு, நாலு கைகளாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள்.