ட்ரங்குப் பெட்டிக்குள் யோகேஷ்

போன் அலறியது.

போலீஸ் ஸ்டேஷன்!

லாலாகுடா வீட்டிலிருந்து தாத்தாவைக் கூட்டி வந்துவிட்டார்களாம். புகார் கொடுத்த யோகேஷ் வந்து உறுதி செய்தால், பெரியவர் உள்ளே. மாதாப்பூர் ஆபீசிலிருந்து யோகேஷ் பறந்தான்... அதாவது, டிராஃபிக்கில் ஊர்ந்தான்.

இருட்டைக் கண்டால் உதறல் என்று ஹிப்னாடிச டாக்டரிடம் போனவன் அவன். ஹிந்திக்கார டாக்டர் ஆழ்மனதைத் தோண்டினார். ஒரு ட்ரங்குப் பெட்டி வந்தது. உள்ளே அழும் குழந்தை! பூட்டியது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். யோகேஷ் மயக்கத்தில் முனகினான்.

"நானா..."

ஹிந்தியில் நானா என்றால் அம்மாவின் அப்பா. தாத்தா நாராயணசாமி மாட்டினார்!

அதன்பின் யோகேஷுக்கு நினைவுகள் கொட்டின. பூச்சியுருண்டை நாற்றம். மூச்சு முட்டல். தாத்தாவின் கொடூரச் சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னணி இசைகூட நினைவு வந்தது. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை.

ஸ்டேஷனில் தாத்தாவின் பக்கத்தில் தங்கை வர்ஷினி முறைத்துக்கொண்டு நின்றாள். தெலுங்குக்கார இன்ஸ்பெக்டர் டாக்டர் எடுத்த ஒலிப்பதிவை ஓடவிட்டார். நெற்றியைத் தேய்த்தார். தெலுங்கில் நான்னா என்றால் அப்பாவாயிற்றே... தப்பான ஆளைத் தூக்கிவிட்டோமோ?

அப்பாவைக் கூட்டிவர ஜீப் உறுமியது!

"இருங்க சார்," என்றாள் கான்ஸ்டபிள் அன்னக்கிளி. தமிழ்க்காரி. பெரியவரிடம் திரும்பினாள். "தாத்தா, புள்ளைய பொட்டியில வச்சுப் பூட்டினது நீங்கதானாமே?"

பெரியவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நானா?"

அன்னக்கிளி பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

அதே சொல். அதே இழுப்பு! பதிவில் இருந்தது பதில் அல்ல... மாட்டிக்கொண்டவனின் கேள்வி!

"ஹவ்ண்ணா, ஆமா, நீயேதான்," என்றாள் வர்ஷினி. "கண்ணாமூச்சின்னு சொல்லி என்னை உள்ள தள்ளிப் பூட்டினே. தாத்தாதான் பூட்டை உடைச்சார். அந்த நாத்தத்தைப் பத்தி அழுதழுது உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கடைசியில அந்த ஞாபகத்தையும் நீயே எடுத்துக்கிட்டியா?"

யோகேஷ் மயக்கம் போட முயன்றான். வரவில்லை.

அன்னக்கிளி எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து ஏதோ கேட்டார். அவளே அதைத் தமிழாக்கினாள்.

"கம்ப்ளெயின்ட் அப்படியே இருக்கட்டுமாம் தம்பி. குத்தவாளி பேரை மட்டும் மாத்திடலாமான்னு சார் கேக்கறாரு."