லேக் ஃபாரஸ்ட் வீட்டின் பின்கதவு

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பேராச்சிக்கு வேலை. அமெரிக்கப் பணக்காரர்களின் வீடுகளை இங்கிருந்தே கேமராவில் காவல் காக்க வேண்டும். இங்கே வெயில் ஏறும்போது அங்கே இரவு. தாராவியிலிருந்து சயான் வரை நடந்து, பஸ் பிடித்து வந்து, ஏசி அறையின் இருட்டில் உட்கார்ந்தால் அமெரிக்கா திரையில் விரியும். ஹூஸ்டனின் ரிவர் ஓக்ஸ், லாஸ் ஏஞ்சலிஸின் பெல் ஏர், சிகாகோவுக்கு வடக்கே ஏரிக்கரையில் லேக் ஃபாரஸ்ட். பெரிய மனிதர்கள் மட்டுமே குடியிருக்கும் பேட்டைகள்.

அந்தத் தெருக்களில் ஆள் நடந்து அவள் பார்த்ததே இல்லை. எப்போதாவது ஒரு மான் புல்வெளியைக் கடக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் அவள் தெரு முழுவதையும் வைத்துவிடலாம். அங்கே ஒருத்தி கத்தினால் யாருக்கும் கேட்காது என்று முதல் நாளே தோன்றியது.

ஜனவரியில் லேக் ஃபாரஸ்டில் புதிதாக ஒரு வீட்டைக் கொடுத்தார்கள். உரிமையாளர் பெயர் டாக்டர் நாயகம். நம்ம ஊர்க்காரர் ஒருவர் அந்தத் தெருவில் வீடு வாங்கியிருக்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குளிருக்குப் பயந்து குடும்பம் ஃப்ளோரிடா போயிருந்தது. வீடு காலி.

"விஐபி பார்ட்டி," என்றான் சூப்பர்வைசர் ஷ்ரவண். "என்ன ஆனாலும் இங்கேருந்து லாக்கைத் திறக்காதே. போலீசுக்கு போன் போடு, போதும்."

மூன்று நாள் ஒன்றும் இல்லை. பனி விழுந்துகொண்டே இருந்தது.

நான்காம் நாள், பக்கத்து மேசையில் அஸ்ரின் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்த நேரத்தில், சமையலறைப் பின்கதவு கேமரா சிணுங்கியது.

படியில் ஒரு பெண் நின்றாள்.

நூல் சேலை. வெறுங்கால். கையில் ஒரு குப்பைப் பை. முகத்தைக் கதவோடு ஒட்டி வைத்திருந்தாள்.

பேராச்சி மைக்கை அழுத்தி, மனப்பாடமான ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது தனியார் இடம். நீங்கள் கேமராவில் இருக்கிறீர்கள். வெளியேறுங்கள்."

ஹெட்ஃபோனில் காற்று இரைந்தது. பிறகு ஒரு குரல்.

"கதவத் தெறந்து வுடு பிள்ள."

பேராச்சியின் கை மவுசிலேயே நின்றுவிட்டது. அவளுடைய அம்மா பேசுகிற தமிழ்.

"யாரு நீங்க?"

"இங்கதான் வேல பாக்கேன். குப்பயப் போட வந்தேன், கதவு தானாப் பூட்டிக்கிட்டு. எம்புட்டு நேரமாத் தட்டுதேன். காலு மரத்துப் போச்சு பிள்ள."

"வீட்ல யாரும் இல்லியே, அக்கா."

"இருக்காவ. மாடியில படுத்திருக்காவ."

பேராச்சி போலீசுக்குச் சொன்னாள். ரோடெல்லாம் பனி, நேரமாகும் என்றார்கள். டாக்டரின் எண்ணுக்கு அடித்தாள். தூக்கக் கலக்கத்தில் ஆங்கிலத்தில் பேசினார். பின்பக்கம் ஒரு பெண் நிற்கிறாள் என்று மட்டும்தான் அவள் சொன்னாள்.

அந்தப் பக்கம் விளக்கு ஸ்விட்ச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"சமையலறைக் கதவா?" என்றார்.

"ஆமாம் சார்."

"திறக்காதே. அந்த கேமராவை அணைத்துவிடு." போனை வைத்துவிட்டார்.

திரையில் அந்தப் பெண் மெல்ல மடிந்து படியில் உட்கார்ந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை. விரல் முட்டியால், லேசாக, தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுபோலத் தட்டினாள்.

"ப்ராச்சி, க்யா ஹுவா, என்ன ஆச்சு?" என்றாள் அஸ்ரின். ஆபீசில் எல்லோருக்கும் அவள் ப்ராச்சிதான். "யார்கிட்ட பேசுற?"

"இதோ, இந்தப் பொம்பள. செத்துருவா அஸ்ரின்."

அஸ்ரின் திரையைப் பார்த்தாள். அப்புறம் பேராச்சியின் முகத்தைப் பார்த்தாள். வாயில் போட்டதை மெல்லவும் மறந்துவிட்டாள்.

"பேராச்சி," என்றது ஹெட்ஃபோன். "நீயாவது தெற."

எப்படித் தன் பெயர் தெரியும் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. மவுசை அழுத்தி லாக்கைத் திறந்தாள்.

பெண் எழுந்து, பாதங்களை மிதியடியில் துடைத்துவிட்டு, உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் பேராச்சிக்கு உறைத்தது.

அத்தனை குளிரிலும் பேசும்போது அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை. தலையில் விழுந்த பனி கரையவும் இல்லை.

சமையலறையில் விளக்கு எரிந்தது. பிறகு கூடத்தில். பிறகு மாடியில்.

போலீஸ் வந்து வீடு முழுவதும் தேடியது. யாரும் இல்லை. வெளியே பனியில் ஒரு காலடிகூட இல்லை. படியில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, பனியே விழாமல் தரை காய்ந்து கிடந்தது.

ஷ்ரவண் பதிவைப் போட்டுக் காட்டினான். கதவும் பனியும்தான் இருந்தன. பேராச்சியின் குரல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. வேறு குரல் இல்லை. அன்று மாலையே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் மறுநாளே வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டதாக அஸ்ரின் பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம், நடுப்பகலில், பேராச்சி வீட்டில் தனியாக இருந்தாள். அம்மா மாட்டுங்காவுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். கீழே பட்டறையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்க நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஆபீஸ்ல நம்பர் வாங்கினேன்மா." டாக்டர் இந்தத் தடவை தமிழில், கிசுகிசுப்பாகப் பேசினார். "அந்தப் பனியில செத்ததுலேருந்து இத்தன வருஷமா வெளியிலதான் நின்னா. உள்ள வந்ததே இல்ல. நீங்க தெறந்து விட்டுட்டீங்க."

"நான் என்ன சார் செய்யணும்?"

"நீங்க பேசினா கேக்குறா இல்ல? போகச் சொல்லுங்கம்மா. ஸ்பீக்கர்ல போடறேன்."

"அவங்க பேரு என்ன சார்?"

அவர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"சார், பேரு?"

"அக்கான்னுதான் கூப்பிடுவோம்," என்றார். "பாஸ்போர்ட்ல ஏதோ இருந்தது... ஞாபகம் இல்ல." மூச்சு இரைந்தது. "படி ஏறுறா. கேக்குதா?"

கேட்டது. ஈரக் கால்கள் மரப்படியில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம். அவசரமே இல்லாத நடை.

"சார், வெளிய ஓடிருங்க!"

"கதவு தெறக்க மாட்டேங்குது," என்றார். அவர் அதை உலுக்குவது கேட்டது. உள்ளங்கையால் அறைந்தார். அப்புறம் கத்தினார்.

சுற்றிலும் அத்தனை பெரிய வீடுகள்.

பிறகு கத்தல் அறுந்தது. போன் தரையில் கிடந்தது போலிருந்தது. யாரோ குனிந்து அதை எடுத்தார்கள்.

பேராச்சி போனை அணைத்தாள். திரை கறுத்தது. உயிரில்லாத அந்தப் போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக உட்கார்ந்தாள்.

கைக்குள்ளிருந்து குரல் வந்தது. இப்போது அதில் நடுக்கம் இல்லை. நிம்மதியாக, வேலை முடித்து உட்கார்ந்தவள்போலக் கேட்டது:

"சாப்டியா பிள்ள? இன்னிக்கு என்ன கொழம்பு?"