ஏழாவது மரக்கறி

மேசையிலிருந்த கைபேசி அலறியது.

காலை பத்து மணி. கண்டியில் சட்டத்தரணி ஷஹ்மாவின் அலுவலகம். கணவனிடம் அடி வாங்கிய ஆறு பெண்கள், இருக்கும் இடத்திலிருந்தே ஆன்லைனில் எம்.பி.மாரின் குழு ஒன்றிடம் பேசப்போகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தைத் திருத்துமுன் அடிபட்டவர்களையே கேட்போமே என்று அந்தக் குழுவுக்கு ஒருவழியாகத் தோன்றியிருந்தது.

அழைத்தது அடுத்த அறையிலிருந்த கணினி ஆள் ஃபாஸில்.

"மிஸ், ஏழு பேர் ஈக்கிறாங்க."

"ஆறு பேருக்குத்தானே லிங்க் அனுப்பின?"

"அவங்க தந்த நம்பருக்கு மட்டும்தான் மிஸ். லீக்ஸ் ரெண்டு நம்பர் தந்தாங்க, ரெண்டுக்கும் அனுப்பினேன்."

லீக்ஸ் ஒரு பெண். யாருக்கும் முகம் கிடையாது, சொந்தப் பெயரும் கிடையாது. பாதுகாப்புக்காக ஃபாஸில் வைத்தவை... கரட், போஞ்சி, ராபு, கோவா, பீட்ரூட், லீக்ஸ். அன்று அவன் மரக்கறிக் கடைக்குப் போய்விட்டு வேலைக்கு வந்திருக்க வேண்டும்.

"ஏழாவது யாரு?"

"தக்காளி. மத்தப் பேரெல்லாம் பாத்துட்டு தானா வெச்சிக்கிட்ட மாதிரி ஈக்கு. தூக்கிடவா?"

"பொறு. உண்மையிலயே அடிபட்ட பொண்ணா ஈந்தா?"

சொல்லிவிட்டு, தக்காளியின் கட்டத்திலேயே ஒரு கண் வைத்தாள் ஷஹ்மா.

லீக்ஸின் முறை வந்தது. நிஜப் பெயர் நிஷாந்தினி. கம்பளையில் ஒரு வாடகை அறை. கணவன் சுரேஸுக்கு ஊர் தெரியும், வீடு தெரியாது. அவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

"லீக்ஸ் அம்மா..." சுந்தரலிங்கம் எம்.பி. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க கணவர் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கே. அப்புறம் என்ன பயம்?"

"உத்தரவு அலுமாரியில பத்திரமா இருக்கு ஐயா. அவரு நாலு தடவ கதவ ஒடச்சாரு. பொலிசுக்குப் போனா, பாத்த ஆள் இருக்கான்னு கேக்குறாங்க. நான் போகவே இல்லங்கிறாரு அவரு. வீட்ட மாத்துனேன்."

குழுத் தலைவி அஸீமா எம்.பி.யின் கட்டம் இருட்டாகவே கிடந்தது. சிக்னல் சரியில்லையென்று ஆரம்பத்திலேயே கேமராவையும் மைக்கையும் மூடியிருந்தார்.

அப்போது லீக்ஸின் பக்கம் பாட்டுக் கேட்டது. தெருத் தெருவாகப் பாண் ரொட்டி விற்கும் ஓட்டோவின் பாட்டு.

"மிஸ்... தக்காளிட மைக்கிலயும் அதே பாட்டு," என்றான் ஃபாஸில் கைபேசியில்.

"நாடு முழுக்க பாண் ஓட்டோவுக்கு ஒரே பாட்டுத்தானே?"

"ஒரே நேரத்தில நிக்குமா மிஸ்? இப்ப ரெண்டும் ஒண்டா நிண்டிச்சி."

ஷஹ்மாவுக்குப் புரிந்தது. காதில் கேட்கும் பாட்டும் தெருவில் கேட்கும் பாட்டும் ஒன்றாகும் இடத்தைத் தேடி, ஒருவன் ஓட்டோவின் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறான்!

அவசரமாக லீக்ஸுக்குத் தனிச் செய்தி தட்டினாள்.

'கதவப் பூட்டுங்க. அவர் வெளிய நிக்கிறார்.'

பதில் வந்தது.

'தெரியும் மிஸ்.'

அந்த நிதானம்தான் ஷஹ்மாவை இன்னும் பயமுறுத்தியது.

"ஐயா," என்றாள் லீக்ஸ், "சாட்சிதானே வேணும்? ரெண்டு நிமிஷம் இருங்க."

கதவு இடிபட்டது.

"நிஷா, தொற. கோர்ட்டுக் கடுதாசி என்னைய என்ன செஞ்சிரும்? இன்னைக்கு ஒன் கைய ஒடைக்காம போகமாட்டேன்."

குரல் லீக்ஸிலும் கேட்டது, தக்காளியிலும் கேட்டது. ஆத்திரத்தில் சுரேஸ் மைக்கை மூட மறந்திருந்தான். சுந்தரலிங்கம் எம்.பி.யின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"என் பழைய போன் அவருகிட்ட இருக்குங்க," என்றாள் லீக்ஸ். "அந்த நம்பரத்தான் ரெண்டாவதா குடுத்தேன்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம். ஷஹ்மா கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. வேறொரு குரல்தான் கேட்டது... லீக்ஸின் மைக்கில்.

"வாங்க தம்பி. நான்தான் குழுத் தலைவி. இவங்க ரெண்டு பேரும் என்ட பாதுகாப்புப் பொலிஸ்."

அஸீமா எம்.பி.யின் கேமரா திறந்தது. வாசலில் சுரேஸ், இரண்டு பக்கமும் காக்கிச் சட்டை. போன கிழமை லீக்ஸ் குழுவுக்கு எழுதி அனுப்பிய கருத்து ஒரே வரி: 'ஒரு நாள் என் அறையில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.' அஸீமா காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான்... பாண் வாங்க வந்தேன்," என்றான் சுரேஸ்.

"மிஸ், இப்பவாவது தக்காளியத் தூக்கிடவா?" என்றான் ஃபாஸில்.

ஷஹ்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"இருக்கட்டும் ஃபாஸில். இண்டைக்கு எல்லாரையும் விட நல்லாச் சாட்சி சொன்னது அவர்தான்."