மூன்று பிரதிகள்

பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மருத்துவமனையின் சர்வர் அறைக்குப் போனேன். பழைய சேமிப்புப் பெட்டியை அணைக்கும் நாள். ஜன்னலே இல்லாத அறையில் சூடேறிய தூசியின் வாடை அடித்தது.

இத்தனை வருஷமாக எல்லா சர்வர்களுக்கும் இந்த ஒரே பெட்டிதான் டிஸ்க். ஃபைபர் கேபிள் வழியாக ஆளுக்கொரு பங்கு கொடுப்போம். அதைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்க் என்றே ஒவ்வொரு சர்வரும் நம்பிக்கொள்ளும், பாவம்.

ஒரு பங்கை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் அது வளர்ந்துகொண்டே இருந்தது. திறந்து பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் இதயத்துடிப்புப் பதிவு. போன வருஷம் இங்கேயே இறந்த என் அண்ணனுடையது.

இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

கட்டிலில் பக்கத்தில் யாரோ மூச்சுக்குத் திணறுவது கேட்கிறது என்று அண்ணி சொன்னபோதெல்லாம் பிரமை என்று தட்டிக்கழித்தேன். "அவரு அவஸ்தைப்படுறாரு தம்பி. எப்படியாவது போக விடுங்க" என்று அழுதிருக்கிறார்.

அழிக்கப் பார்த்தேன். உரியவர் இல்லாததை அழிக்க யாருக்கும் அனுமதி இல்லையாம். கேபிளைப் பிடுங்கி, பெட்டியை அணைத்தேன். விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. 'போயிட்டு வா' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "போயிடுண்ணா" என்றேன். அழுகை வந்தது.

போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, இத்தனை நாளா ஒரு மூச்சுதான். இப்ப மூணு கேக்குது."

புதிய ஏற்பாட்டில் பெட்டியே கிடையாது. சாதாரண சர்வர்களின் டிஸ்க்குகளை மென்பொருள் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். எதையும் மூன்று சர்வர்களில் மூன்று பிரதியாக வைக்கும். காலையில்தான், யாருடையது என்று பார்க்காமல், எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன்.

எதிரே மூன்று சர்வர்களில் பச்சை விளக்குகள் ஒரே தாளத்தில் துடித்தன. மொத்தத்தையும் அணைக்க வழியில்லை. மேல்மாடி வார்டுகளில் உயிரோடு இருப்பவர்களின் பதிவுகளும் அதில்தான்.

ஒன்றின் மின்கம்பியை உருவினேன்.

"ஒண்ணு நின்னுடுச்சு தம்பி," அண்ணி கிசுகிசுத்தார்.

இரண்டாவதைத் தொடப் போனேன். திரையில் ஒரு வரி வந்தது. 'பிரதி குறைகிறது. மீண்டும் உருவாக்கப்படுகிறது.'

நான் தொடாத வேறொரு சர்வரில் விளக்கு துடிக்கத் தொடங்கியது.

போனில் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவருடையது அல்ல. பிறகு அண்ணியின் குரல், மிக மெதுவாக.

"கட்டில்ல எனக்கு இடம் இல்ல தம்பி."