ரோஜாக்கின் பல்லுக்கு ஒரு பொம்மை

"என்னோட இன்னொரு பூட்ஸ் எங்கே?"

அப்பா பரமேஸ்வரன் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் காலுறையுமாக வாசலில் நொண்டிக்கொண்டிருந்தார். ஆயர் குரோவில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போக நேரமாகிவிட்டது.

தேவமலர் மெதுவாகக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். பூட்ஸ் அங்கேதான் கிடந்தது. அதன் நாக்கைத்தான் காணோம். பக்கத்தில் படுத்திருந்த ரோஜாக்கின் நாக்கோ தாராளமாக வெளியே தொங்கியது.

பழம், வெள்ளரி, தௌஹு என்ற சோயாக் கட்டி எல்லாம் கலந்து தரும் ரோஜாக் தட்டைப் போலத்தான் அந்த நாயும். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். உடம்பு பழுப்பு, பாதங்கள் வெள்ளை. "இது என்ன வகை நாய்?" என்று யாராவது கேட்டால், "எல்லா வகையும்!" என்பாள் தேவமலர்.

"பவானி, இவன் செஞ்ச வேலையைப் பாரு!" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "போன வாரம் உன் சிலிப்பர். அதுக்கு முன்னாடி தண்ணி ஹோஸ். இன்னிக்கு என் பூட்ஸ். விட்டா காடி டயரையே தின்னுடுவான்லா!"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய பழைய பூட்ஸைத் தேடி எடுத்து வந்தார்.

அப்பா அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "மலர், கேட்டுக்கோ. இன்னும் ஒரே ஒரு பொருளைக் கடிச்சான்னா, இவனை அலோர் காஜாவுக்கு, வீராசாமி மாமா தோட்டத்துக்கு அனுப்பிடுவேன். அங்கே செம்பனை மரம் நிறைய இருக்கு. இஷ்டத்துக்குக் கடிச்சுக்கட்டும்."

அப்பா சத்தம் போட்டுச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். ஆனால் இதை அவர் சத்தமே இல்லாமல் சொன்னார். தேவமலர் அம்மாவிடம் ஓடினாள்.

"கடிக்காதேன்னு சொன்னா அவனுக்குப் புரியாதும்மா," என்றாள் அவள். "கடிக்கிறதுக்குன்னே ஒண்ணு கொடுத்தா?"

அன்று மாலை பசார் மாலாம் இரவுச் சந்தையில் அம்மா ஒரு மஞ்சள் ரப்பர் கோழி வாங்கித் தந்தார். அமுக்கினால் "பீ! பீ!" என்று கத்தும். ரோஜாக்குக்கு ஒரே கொண்டாட்டம். கோழியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். அவன் ஓட, கோழி கத்த, பக்கத்து வீட்டு மர்வா வேலியருகே ஓடி வந்துவிட்டாள்.

அவர்கள் வீட்டு வழக்கப்படி மர்வா ரோஜாக்கைத் தொடமாட்டாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவனோடு நிறைய கதை பேசுவாள். அவள் வீட்டுப் பூனைகளின் சேட்டைகளெல்லாம் ரோஜாக்குக்கு அத்துப்படி.

"மலர், கோழிக்குத் தலையைக் காணோம்!" என்று மர்வா கத்தினாள்.

தேவமலர் திரும்பிப் பார்த்தாள். கோழியின் உடம்பு புல்லில் கிடந்தது. "பீ" சத்தம் மட்டும் ரோஜாக்கின் வாய்க்குள்ளிருந்து வந்தது!

அவள் பாய்ந்து போய் அவன் வாயைத் திறந்தாள். நாக்கின் மேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஊதல். விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள்.

"விழுங்கியிருந்தா?" என்றாள் மர்வா.

தேவமலர் ரோஜாக்கின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவனோ, கோழியின் மிச்சத்தைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தான்.

"உடையவே உடையாத ஒண்ணுதான் இவனுக்கு வேணும்," என்று முடிவு செய்தாள். மறுநாள் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த எலும்பு ஒன்று வீட்டுக்கு வந்தது. ரோஜாக் ஆசையாகக் கவ்வினான். 'டக்!' அடுத்த நொடியே எலும்பைத் துப்பிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மூலையில் போய்ப் படுத்தான்.

அவள் அந்த எலும்பைத் தரையில் தட்டிப் பார்த்தாள். கல்லைத் தட்டியது போலிருந்தது. "ஐயோ, பல்லு போயிருக்குமே! சாரிடா ரோஜாக்."

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தனக்குப் பிடித்ததை வாங்காமல், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்தால் என்ன?

ரோஜாக் இதுவரை கடித்த பொருள்களையெல்லாம் தேடி எடுத்து வேலியருகே பரப்பினாள். சிலிப்பர், ஹோஸ் துண்டு, பூட்ஸ், அவளுடைய சைக்கிள் கைப்பிடியின் உறை. மர்வா அந்தப் பக்கம் நீதிபதியைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மரத்தைக் கடிச்சிருக்கானா?" என்று கேட்டாள் மர்வா.

"இல்லை. துடைப்பக் கட்டையைத் தொட்டதே இல்லை." தேவமலர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன. "மர்வா, எல்லாமே ஒரே மாதிரி இருக்கு! அமுக்கினா அமுங்குது, விட்டா பழைய மாதிரி ஆயிடுது!"

"ஓ, சுவிங்கம் மாதிரி!"

"அதேதான். ரொம்ப மெத்துன்னும் வேணாம், கல்லு மாதிரியும் வேணாம்."

மர்வா கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்ணு மலர். எங்க உம்மா சமையலறை ஜன்னல் வழியா பார்ப்பாங்க. நீங்க எல்லாரும் போனதும் ரோஜாக் வாசல் கேட் கிட்டேயே உட்கார்ந்திருப்பானாம். ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருப்பானாம். அப்புறமா போய் உங்க சிலிப்பரைத் தூக்கிட்டு வருவானாம்."

தேவமலர் சிலிப்பரைக் கீழே வைத்தாள். சேட்டைக்காகக் கடிக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவனுக்கு அவர்கள் ஞாபகம் வந்திருக்கிறது. அவர்கள் வாசனை அடிக்கும் பொருளாகப் பார்த்து எடுத்திருக்கிறான்.

சனிக்கிழமை அம்மாவுடன் ஜாசின் டவுனில் உள்ள நாய், பூனைக் கடைக்குப் போனாள். ஒவ்வொரு பொம்மையாகக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். பிய்ந்து வரக்கூடிய கண்ணோ வாலோ இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். மோந்துகூடப் பார்த்தாள்.

கடைக்காரச் சீன ஆன்ட்டி சிரித்துவிட்டார். "அடிக், தங்கச்சி, காடி வாங்க வந்த மாதிரி செக் பண்றியே!" என்று மலாயில் கேலி செய்தார்.

கடைசியில் தடித்த சிவப்பு ரப்பரில் ஒரு பொம்மை கிடைத்தது. நகம் கொஞ்சம் அமுங்கியது, எடுத்ததும் தடம் மறைந்தது. நடுவில் தீனி வைக்க ஒரு பொந்தும் இருந்தது.

"சின்னது போதாதா?" என்று அம்மா கேட்டார்.

"வேணாம்மா. சின்னதுன்னா தொண்டைக்குள்ள போயிடும். அவன் வாயை விடப் பெரிசாத்தான் இருக்கணும்."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பெரியதையே வாங்கிக் கொடுத்தார்.

தன் வாசனை ஒட்டட்டும் என்று அன்றிரவு தேவமலர் பொம்மையைத் தன் பழைய சட்டைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு தூங்கினாள். மறுநாள் உப்புப் போடாமல் வேகவைத்த பூசணியையும் சோற்றையும் மசித்துப் பொந்துக்குள் அடைத்து, குளிர்பெட்டியில் உறைய வைத்தாள். ஐஸ்கிரீம் எடுக்க வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, எனக்கா?" என்றார்.

"இல்லைப்பா. ரோஜாக் ஐஸ்கிரீம்!"

திங்கட்கிழமை காலையில் அவள் ரோஜாக்கோடு கொஞ்ச நேரம் ஓடி விளையாடினாள். பள்ளி வேன் வந்ததும் பொம்மையைக் கொடுத்தாள். அவன் அதை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்து நக்கத் தொடங்கினான். வேன் புறப்பட்டபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேவமலருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஓய்வு நேரத்தில் நாசிலெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. துவைத்த விளையாட்டுக் காலணிகளைக் காயட்டும் என்று வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்!

அதற்குப் பிறகு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து, வேனுக்குப் பதிலாக அப்பாவே அழைத்துப்போக வந்திருந்தார். "இன்னிக்கு சீக்கிரமே வேலை முடிஞ்சிடுச்சு," என்று உற்சாகமாகச் சொன்னார். வழியெல்லாம் தேவமலருக்குக் காலணி ஞாபகம்தான்.

கேட்டைத் திறந்ததும் வாசற்படியைப் பார்த்தாள். ஒரு காலணி இருந்தது. இன்னொன்றைக் காணோம்.

"மலர், உன் இன்னொரு ஷூ எங்கே?" என்று அப்பா கேட்டார்.

அவள் கண்ணில் நீர் முட்டியது. இருவருமாகத் தேடினார்கள். பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ரோஜாக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். காலியான சிவப்புப் பொம்மை அவன் கால்களுக்கு நடுவே இருந்தது. காணாமல் போன காலணி அவன் தாடைக்குக் கீழே, தலையணையாக!

அப்பா அதை மெல்ல உருவி எடுத்தார். கயிற்றைப் பார்த்தார். அடியைப் பார்த்தார். கையை உள்ளே விட்டும் பார்த்தார்.

"எச்சில்தான் இருக்கு," என்றார். "ஒரு பல்லுகூடப் படலையே!"

பொம்மையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்தும் ஒரு துண்டுகூடப் பெயரவில்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எப்படி இதைக் கண்டுபிடிச்சே?" என்றார்.

தேவமலர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வேலிக்கு அப்பாலிருந்து மர்வா, விட்டுப்போனதையெல்லாம் எடுத்துக்கொடுத்தாள்.

அப்பா வீராசாமி மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "மாமா, ரோஜாக் அங்கே வரலை. இங்கேயே இருக்கட்டும்." பிறகு சிரித்துக்கொண்டே தொலைபேசியை அவளிடம் நீட்டினார். "மாமா உன்கிட்ட பேசணுமாம்."

"மலர், என் நாய்ப் பொடியன் சோபாவையே முழுசா முடிச்சிட்டான்லா," என்றார் மாமா பரிதாபமாக. "அவனுக்கும் ஒண்ணு பார்த்து வாங்கிக் கொடேன்."

தேவமலர் நிமிர்ந்து நின்றாள்.

"வாங்கிடலாம் மாமா. முதல்ல அவன் வாய் எவ்வளவு பெரிசுன்னு சொல்லுங்க."

"வாயா? இரு, பார்த்துட்டு வரேன்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று உருண்டது. யாரோ ஓடினார்கள். "டேய், நில்லுடா, வாயைத் திறடா!" என்று தோட்டமே அதிரும்படி மாமா கத்துவது கேட்டது. தேவமலர் பொறுமையாகக் காத்திருந்தாள்.