ஒரே பேரில் இருவர்

மலேசியாவில், செமோருக்கு அப்பால் இருந்த அந்தப் பழைய ரப்பர் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட மிச்சமில்லை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி குடியிருந்த பலகை வீடு மட்டும் லாலாங் புல்லுக்கு நடுவே நின்றது. கோயில் கமிட்டிச் செயலாளர் கனகராஜ் பூட்டைத் திறந்ததும் வௌவால் எச்சமும் ஈரக் காகிதமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

“நாளைக்கு வீட்ட இடிக்கிறாங்கக்கா. மூணு மணிக்குள்ள முடிச்சிருங்க. பதிவுப் புத்தகத்த நான் கோயில்ல கொண்டுபோய் வைக்கணும்லா.”

விமலா தலையாட்டினாள். தோட்டக் குடும்பங்களின் வம்சாவளியை இணையத்தில் ஏற்றும் வேலை அவளுடையது. அன்று மாலை ஈப்போவில் வெளியீட்டு விழா. பத்துத் தோட்டங்கள் ஏறிவிட்டன, இதுதான் கடைசி. கிராணி எழுதிவைத்த பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பேர்களைக் கணினியில் தட்டிக்கொண்டே போனாள். கெட்டிக்காரிதான். ஆனால் பொறுமை என்றால் வீசை என்ன விலை என்று கேட்பாள்.

ஒரு பக்கத்தில் அவள் குடும்பமே வந்தது.

துளசி, நான்கு வயது, காய்ச்சலில் இறப்பு. அடுத்த வரியில், மறுவருஷம் பிறந்த இன்னொரு துளசி. இந்த இரண்டாமவள்தான் விமலாவின் அம்மா. செத்த பிள்ளையின் பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். ஆனால் போனதையும் சேர்த்தே பிள்ளைகளை எண்ணுவார்கள். எண்ணாமல் விட்டுவிட்டால் செத்த பிள்ளை தன் இடத்தைத் தேடி வந்துவிடும் என்று பயம். அம்மாவும் “எங்க வீட்ல நாங்க ரெண்டு துளசி” என்றுதான் யாரிடமும் சொல்வாள்.

கணினிக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பேர் என்றதும் ஏற்க மறுத்தது. நாலு தரம் முயன்றாள். மணி இரண்டே முக்கால்.

“செத்துப்போனதுக்கு இப்ப என்ன அவசரம்?” என்று முணுமுணுத்து, மூத்தவளின் வரியை அழித்தாள்.

கணினி உடனே ஏற்றுக்கொண்டது.

வெளியே மழை பிடித்தது. கைப்பேசி அடித்தது. ஈப்போ புந்தோங் வீட்டிலிருந்து அம்மா.

“விமலா, ஒரு சின்னப் புள்ள வாசல்ல நிக்குது. பேரு கேட்டா என் பேரச் சொல்லுது.”



“அம்மா, கதவத் தொறக்காத. நான் வாரேன்.”

“பாவம்லா. தொப்பலா நனைஞ்சிருக்கு.”

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.



விமலா மழையில் கண்மண் தெரியாமல் காரை விரட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் ஓடினாள். முழங்கால் வலியால் பத்து வருஷமாகத் தரையில் உட்காராத அம்மா, கூடத்து நடுவில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் மைலோ டின். தூளை அள்ளி அள்ளி நக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா?”

நிமிர்ந்தாள்.

“நீ யாரு?”

மழலைக் குரல்.

விமலா அப்படியே மண்டியிட்டாள். “தப்புதான். உன் பேர மறுபடியும் போட்டுர்றேன். எங்கம்மாவ விட்டுரு.”

“வேணாம்.” விரலைச் சப்பிக்கொண்டு சிரித்தது. “இந்த இடமே நல்லாருக்கு.”

“அப்ப எங்கம்மா எங்க?”

அம்மாவின் சுருங்கிய விரல் வாசலைக் காட்டியது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெளியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“விமலா... குளிருதும்மா. கதவத் தொற.”

பாய்ந்து திறந்தாள். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. மூடினாள்.

“விமலா...”

விடியும்வரை திறந்து திறந்து மூடினாள்.

மூன்று வாரமாகிவிட்டது. ஆளைப் பிடித்துக் கணினியைத் திருத்தி, இரண்டு துளசிகளையும் இணையத்தில் ஏற்றியாகிவிட்டது. கூடத்தில் இருப்பது நகரவில்லை. டாக்டர், வயசான மறதி என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஈப்போவில் மழைக்கா பஞ்சம்? மழை வரும்போதெல்லாம் வாசலில் குரலும் வந்தது. விமலாவும் அழுதுகொண்டே கதவைத் திறந்தாள்.

நேற்று பெய்த மழையில் அந்தக் குரல் அவள் பேரைச் சொல்லவில்லை.

“வீட்ல யாருங்க இருக்கீங்க?” என்று, தெரியாத வீட்டு வாசலில் நிற்பதுபோல் கேட்டது.