ஒரு சாண் தூரம்

முதல் படத்திலேயே ஒரு விரல் அதிகமாக இருந்தது.

மணமக்கள் தனாவும் புசபாவும் மேடையில் மண்டியிட்டுக் கூப்பிய கைகளை முன்னால் நீட்டியிருக்க, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சங்கிலிருந்து ஊற்றிய நீர் அந்தக் கைகளில் வழிந்து, கீழே மல்லிகை மிதந்த கிண்ணங்களில் சொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்தைப் படமெடுக்க வந்த ராத்ரி, குனிந்து புசபாவின் மோதிரத்தை மட்டும் நெருக்கத்தில் படம் எடுத்திருந்தாள். படத்தின் ஓரத்தில் ஊறி வெளுத்த ஒரு விரல், நக இடுக்கில் சேற்றோடு தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நான்கு கைகள்தான். நீர் வார்க்க வந்தவர் யாரோ கையை நீட்டியிருப்பார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

காலையில் வண்டியிலேயே வித்தூன் சொன்னான். தொழிலில் அவளுக்குக் கூட்டாளி, அடுத்த மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நெருக்கப் படங்களுக்கென்று அவர்களிடம் இரண்டு மேக்ரோ லென்ஸ்கள் இருந்தன. நூற்றெண்பது மில்லிமீட்டர் என்றால் ஒரு முழம் தள்ளி நின்று எடுக்கலாம். அறுபது என்றால் ஒரு சாணுக்கு நெருங்க வேண்டும்.

"பெருசை எடுத்துக்க ராத்ரி. பிக்குங்க கட்டுற நூலுக்கு வெளிய நின்னே எடுத்துடலாம்."

"அந்த உலக்கையை நீயே தூக்கு. என் கையும் நடுங்கும், படமும் நடுங்கும்."

சின்னதை மாட்டிக்கொண்டதால்தான், நூல் கட்டும் முன்பே மேடைக்குள் வந்து நிற்க வேண்டியதாயிற்று. பிக்குகள் மேடையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் வெள்ளை நூலைக் கட்டி, ஓதி முடித்து, வெளியறையில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஆள் நீர் வார்க்கும்வரை யாரும் நூலைத் தாண்டக்கூடாது. கெட்டது எதுவும் உள்ளே வராமல் அது காக்கும். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அந்த வளையத்துக்குள் மூத்த மகனின் படத்தையும் வைத்திருந்தாள். போன மழையில் வாங் ஆற்றோடு போனவன். கல்யாணம் ஆகாமலே போய்விட்டான், தம்பி கல்யாணத்தையாவது பக்கத்தில் இருந்து பார்க்கட்டும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது படத்தில் இரண்டு விரல்கள் இருந்தன.

மல்லிகை வாசத்துக்கு அடியில் சேறு நாறியது. இந்த லென்ஸில் ஓர் அரிசி கனத்துக்குத்தான் எதுவும் கூர்மையாகத் தெரியும், முன்னும் பின்னும் எல்லாம் மங்கிவிடும். ராத்ரி கண்ணை எடுக்காமல் ஓரடி பின்னால் நகர்ந்தாள். மோதிரம் மங்கியது. விரல்கள் மங்கவில்லை. இன்னோர் அடி நகர்ந்தாள். மோதிரம் வெறும் வெளிச்சப் பொட்டாகிவிட்டது. விரல்கள் மட்டும் ரேகை ரேகையாகத் தெரிந்தன. இப்போது ஐந்து.

லென்ஸிலிருந்து ஒரு சாண். எங்கே நகர்ந்தாலும் அதே ஒரு சாண்.

கேமராவை இறக்கினாள். எதிரே ஒன்றுமில்லை. பின்னங்காலில் நூல் உரசியது. அதற்கு அந்தப் பக்கம், வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே, வித்தூன்.

"என்னை வெளிய கூப்பிடு. ஏதாவது சொல்லிக் கூப்பிடேன்."

"என்னாச்சு? இன்னும் நாலஞ்சு பேருதான். நூலை அறுத்துடாத, அந்தம்மா பார்க்குது."

மாப்பிள்ளையின் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஐம்பது பேர் பார்த்தார்கள். அறுத்தால் ஒரு கல்யாணத்தையே கெடுத்தவள் ஆவாள். கெட்டால் கெடட்டும், அவளுக்கு வித்தூன் பக்கத்தில் போய் நின்றால் போதும். காலைத் தூக்கினாள்.

இடது கையை எதுவோ பிடித்தது.

இறுக்கவில்லை. விடவுமில்லை.

இழுத்தாள். வரவில்லை. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தூக்கிய காலை இறக்கினாள். மேடையோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

வரிசையில் அடுத்து தனாவின் பெரியத்தை வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. சங்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நூலுக்கு மேலே மறு கையை நீட்டி, மணமக்களைத் தேடித் துழாவினாள். முதலில் ராத்ரியின் கையைத் தொட்டாள். பிறகு அதன்மேல், வெறும் காற்றில், இன்னொன்றைத் தடவினாள். விரல் விரலாகத் தடவினாள். சுருங்கிய முகம் மலர்ந்தது.

"பெரியவனா? உனக்கும் ஒருத்தி கிடைச்சுட்டாளா, ராசா? ரெண்டு பேரும் பிரியாம இருங்க."

சங்கைச் சாய்த்தாள். நீர் ராத்ரியின் கையில் படவில்லை. அதற்கு மேல், அவள் விரல்களோடு கோத்துக்கொண்டிருந்த ஐந்து விரல்களின்மேல் விழுந்து, அவற்றின் வடிவிலேயே வழிந்து, நுனிகளிலிருந்து ஒவ்வொரு துளியாகச் சொட்டியது.

நூலுக்கு வெளியே வித்தூன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான். அவன் ராத்ரியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பார்த்தான்.